மானியத்துக்கு முன்னால் திட்டம்: வட்டார வளர்ச்சி உதவியோடு சிறு தொழிலை விரிவாக்குவது எப்படி?

வட்டார வளர்ச்சி அலுவலகம் என்று இங்கே சொல்வது ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தை அல்ல, ஒரு பகுதியின் தொழிலையும் பொருளாதாரத்தையும் வளர்க்க அமைக்கப்பட்ட அமைப்பை. அங்கே போகும் தொழில்முனைவோர் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, "இப்போது என்ன மானியம் இருக்கிறது?" என்பதுதான். கேள்வி தப்பில்லை, வரிசைதான் தப்பு. மெஷினுக்கு மானியம் உண்டு என்று தெரிந்ததும் மெஷினை வாங்கிவிட்டு, அப்புறம் அதற்கு வேலை தேடி அலைகிறவர்கள் நிறையப் பேர். எந்தப் பக்கம் விரிவது என்று முதலில் முடிவு செய்து, அந்த முடிவில் எந்த இடம் பயமாக இருக்கிறது என்று பார்த்து, அந்த ஒரு பயத்தைக் குறைக்கும் உதவி எது என்று கேட்டுப் போனால் அதே அலுவலகம் வேறு மாதிரி பயன்படும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் போகின்றன.

அவர்கள் ஏன் உதவுகிறார்கள்?

இதைப் புரிந்துகொள்ளாமல் விண்ணப்பம் எழுத உட்கார வேண்டாம். வட்டார வளர்ச்சி அமைப்புகள் பலவும் ஏதோ ஒரு அடிக்குப் பிறகு பிறந்தவை. அமெரிக்காவில் நிலக்கரியை நம்பியிருந்த மலைப்பகுதிகளின் வறுமையைப் பார்த்து 1965இல் அப்பலாச்சியன் வட்டார ஆணையம் வந்தது. ஐரோப்பாவில் பணக்காரப் பகுதிக்கும் பின்தங்கிய பகுதிக்கும் இருந்த இடைவெளியைக் குறைக்க 1975இல் ஐரோப்பிய வட்டார வளர்ச்சி நிதி உருவானது. எண்ணெய், தானியம், மரம் என்று மூலப்பொருள் விலைகளோடு சேர்ந்து ஏறி இறங்கிய மேற்குக் கனடாவுக்காக 1987இல் தனி அமைப்பு அமைக்கப்பட்டது. மேற்குப் பொருளாதாரப் பன்முகப்படுத்தல், அதாவது ஒன்றையே நம்பாமல் பல தொழில்களில் பரவுவது, என்பதே அதன் பெயர். 2021இல் அது இரண்டாகப் பிரிந்து இன்றும் இயங்குகிறது.

ஆக, உங்கள் லாபம் கூடுவது மட்டும் அவர்கள் நோக்கம் இல்லை. அந்த வட்டாரம் ஒரே தூணில் நிற்கக்கூடாது, வெளியிலிருந்து பணம் உள்ளே வர வேண்டும், வேலைகள் தங்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கணக்கு. அதனால்தான் முடிதிருத்தகத்துக்கோ சில்லறைக் கடைக்கோ இரண்டாவது கிளை திறக்க உதவி கேட்டால் பல திட்டங்கள் கைவிரித்துவிடும். புதுக் கிளைக்கு வரும் வாடிக்கையாளர் பக்கத்துக் கடையிலிருந்து வந்தவராக இருப்பார். வட்டாரத்துக்கு மொத்தத்தில் எதுவும் கூடாது. அதே கடைக்காரர் வெளியூருக்கு விற்கும் ஒரு பொருளைத் தயாரிக்கப் போகிறேன் என்று வந்தால் பேச்சே வேறு. உங்கள் திட்டத்தில் அவர்கள் தேடுவது எந்த வரியில் இருக்கிறது என்று உங்களால் விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும்.

படி 1: எதில் தொங்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அளந்து பாருங்கள்

கடந்த மூன்று வருட விற்பனைப் பில்களை எடுத்து, வாடிக்கையாளர் வாரியாக மொத்தம் போடுங்கள். பெரியவர் முதல் சிறியவர் வரை வரிசைப்படுத்துங்கள். முதல் ஆள் எத்தனை சதவீதம்? முதல் மூவர் சேர்ந்து எத்தனை? பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்களின் வருமானத்தில் ஒரே வாடிக்கையாளரின் பங்கு 10 சதவீதத்தை எட்டினாலே அதை வெளியே சொல்ல வேண்டும் என்பது சர்வதேசக் கணக்கு அறிக்கைத் தரங்களில் எட்டாவதன் (IFRS 8) விதி. முதலீட்டாளருக்கு அது தெரிந்தாக வேண்டிய அபாயம் என்று கருதப்படுகிறது. சிறு தொழிலில் ஒருவரே பாதிக்கு மேல் வாங்குவது சர்வ சாதாரணம். அதனாலேயே அபாயம் இல்லை என்று ஆகிவிடாது.

இதோடு நிறுத்தினால் பாதி உண்மைதான் தெரியும். ஒரு தகரப் பட்டறையை எடுத்துக்கொள்வோம். தகடு வெட்டி, வளைத்து, வெல்டிங் செய்து, பெயின்ட் அடித்துக் கொடுக்கிறார்கள். வாடிக்கையாளர் ஐந்து பேர், யாரும் 25 சதவீதத்தைத் தாண்டவில்லை. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஐந்து பேரும் தங்கள் பொருளை யாருக்கு அனுப்புகிறார்கள் என்று கேட்டால், நாலு பேர் ஒரே வாகன உற்பத்தியாளருக்குச் சப்ளை செய்கிறவர்கள். அந்த ஒரு தொழிற்சாலை ஷிஃப்டைக் குறைத்தால் நாலு வாடிக்கையாளரும் ஒரே மாதத்தில் ஆர்டரைக் குறைப்பார்கள். ஆகவே பட்டியலில் இன்னொரு பத்தி போடுங்கள்: "கடைசியில் இது யாருக்குப் போகிறது?"

அப்புறம் இதே கணக்கை வாங்கும் பக்கத்துக்கும் போடுங்கள். ஒரே சப்ளையரா? வருட விற்பனையில் பெரும்பகுதி ஒரே பருவத்தில் வருகிறதா? ஒரு வேலையைச் செய்யத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தானா? இந்தத் தாளை வைத்துக்கொள்ளுங்கள், விண்ணப்பத்தில் "ஏன் இந்த மாற்றம்" என்ற கேள்விக்குப் பதில் இதிலிருந்துதான் வரும். பொதுவாக எழுதப்பட்ட பத்துப் பக்கத்தைவிட இந்த ஒரு தாள் அதிகாரியிடம் நன்றாகப் பேசும்.

படி 2: அடுத்த அடியை எங்கே வைப்பது?

1957இல் மேலாண்மை அறிஞர் இகோர் ஆன்சாஃப் வளர்ச்சி வழிகளை நான்காகப் பிரித்தார்: இருக்கும் பொருளை இருக்கும் சந்தையில் கூடுதலாக விற்பது, இருக்கும் பொருளைப் புதுச் சந்தைக்குக் கொண்டுபோவது, இருக்கும் வாடிக்கையாளருக்குப் புதுப் பொருள் கொடுப்பது, பொருளும் சந்தையும் இரண்டுமே புதிதாக இருப்பது. பழைய சட்டகம்தான், ஆனால் இன்றும் உதவுகிறது. நான்காவதுதான் மிக ஆபத்தானது. வேடிக்கை என்னவென்றால், "பன்முகப்படுத்துகிறோம்" என்று கிளம்புகிறவர்கள் நேராக அந்த நான்காவதில் போய்க் குதிக்கிறார்கள். புதிது என்றால் முழுக்கப் புதிதாக இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

நெதர்லாந்தின் வட்டாரங்களை வைத்து 2007இல் வெளியான ஓர் ஆய்வு, ஒன்றுக்கொன்று உறவுள்ள தொழில்கள் பலவாக இருக்கும் பகுதிகளில் வேலைவாய்ப்பு வளர்ச்சி கூடுதலாக இருந்ததைக் கண்டது. சம்பந்தமே இல்லாத தொழில்கள் பல இருப்பது வளர்ச்சியைவிட, ஒரு துறை விழும்போது வேலையின்மை பரவாமல் தாங்குவதற்குத்தான் உதவியது. இது வட்டாரங்களைப் பற்றிய ஆய்வு. ஒரு தனிக் கடைக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் வட்டார அமைப்புகள் இப்போது எப்படி யோசிக்கின்றன என்பதை இது காட்டுகிறது. பக்கத்துத் துறைக்கு நகரும் திட்டம் அவர்களுக்கு எளிதில் புரியும்.

சரி, பக்கத்துத் துறை எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நீங்கள் விற்கும் பொருளின் பெயரை மறந்துவிட்டு, கையில் உள்ள திறமைகளை எழுதுங்கள். நம் தகரப் பட்டறை "வாகன பிராக்கெட்" என்று எழுதினால் வழி அடைபடும். "இரண்டு மில்லிமீட்டர் தகட்டை நுணுக்கமான அளவில் வளைப்போம், துருப்பிடிக்காத பூச்சு போடுவோம், சிறு எண்ணிக்கையில் சீக்கிரம் கொடுப்போம், ஒவ்வொரு தொகுதிக்கும் ஆய்வு அறிக்கை வைத்திருக்கிறோம்" என்று எழுதினால் மின்பலகைப் பெட்டிகள், ஆஸ்பத்திரித் தள்ளுவண்டிகள், ஆய்வக மேசைகள் என்று வரிசையாகத் தெரியும். இதில் எதற்குக் கூடுதலாக எது வேண்டும்? பெட்டிக்குத் தூசு, நீர் புகாமைச் சோதனை. தள்ளுவண்டிக்கு எவர்சில்வர் வெல்டிங்கும் வழவழப்பான முடிப்பும். மேசைக்கு ரசாயனம் தாங்கும் பூச்சு. இந்த "கூடுதலாக வேண்டியது" பட்டியல் குட்டையாக இருக்கும் பக்கம்தான் உங்கள் அடுத்த அடி.

அங்கே போகும் முன் வாங்குகிறவர்களிடம் பேசுங்கள். "நல்லா இருக்கு, செய்யுங்க" என்ற பாராட்டை நம்பாதீர்கள். இப்போது யாரிடம் வாங்குகிறார்கள், என்ன குறை, மாற வேண்டும் என்றால் என்ன சான்றிதழ் கேட்பார்கள், மாதிரிக்குக் காசு கொடுப்பார்களா என்று கேளுங்கள். காசு கொடுத்து வாங்கிய ஒரு மாதிரி ஆர்டர், அல்லது "தரச் சோதனையில் தேறினால் இவ்வளவு வாங்கத் தயார்" என்று கையெழுத்திட்ட கடிதம், அதுதான் ஆதாரம். வங்கியும் வளர்ச்சி அமைப்பும் உங்கள் சந்தை அலசலை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு இந்தக் கடிதத்தை நிதானமாகப் படிப்பார்கள்.

படி 3: பணத்தைத் தவிர என்ன கிடைக்கிறது என்று பாருங்கள்

என் கணிப்பில் இதுதான் எல்லோரும் தாண்டிப் போகும் இடம். வட்டார வளர்ச்சி உதவியில் பணம் ஒரு பகுதிதான். பல இடங்களில் அது நேராக நிறுவனத்துக்கு வருவதும் இல்லை. அப்பலாச்சியன் ஆணையத்தின் மானியம் உள்ளாட்சிகள், லாபநோக்கற்ற அமைப்புகள் போன்றவற்றுக்குத்தான் போகிறது. பகுதி எவ்வளவு பின்தங்கியதோ அவ்வளவு கூடுதலாகப் பங்கு கொடுக்கிறார்கள்: மிக நலிந்த மாவட்டத்தில் செலவின் 80 சதவீதம் வரை, நடுத்தர நிலையில் 50. தொழில் நடத்துகிறவருக்கு அது பயிற்சி மையமாகவோ, சுழல்நிதிக் கடனாகவோ (ஒருவர் திருப்பிக் கட்டும் தவணையை அடுத்தவருக்குக் கடனாகக் கொடுப்பது), தொழிற்பேட்டைச் சாலையாகவோ வந்து சேர்கிறது. "மானியம் கொடுங்கள்" என்று ஆணையத்தின் கதவைத் தட்டுவதில் பயனில்லை, அந்தப் பணம் எந்த உள்ளூர் அமைப்பு வழியாக இறங்குகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். உலகில் எந்த ஊரில் இருந்தாலும் இந்த இடைநிலை அமைப்பைத் தேடுவதுதான் முதல் வேலை.

தகவலே உதவியாக வந்த கதைகள் உண்டு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் லிட்டில்டன் என்ற ஊர். எண்பதுகளில் அங்கே பெரிய நிறுவனம் ஒன்று ஆயிரக்கணக்கில் ஆட்களைக் குறைத்தது. வெளி நிறுவனங்களைச் சலுகை காட்டி இழுப்பதை விட்டுவிட்டு, இருக்கும் சிறு நிறுவனங்களை வளர்ப்போம் என்று 1987இல் நகர நிர்வாகம் திரும்பியது. பெரிய கம்பெனிகள் மட்டுமே வாங்கக்கூடிய சந்தைத் தரவுத்தளங்கள், போட்டியாளர் விவரம், வாடிக்கையாளர் எங்கே குவிந்திருக்கிறார்கள் என்ற வரைபடம் ஆகியவற்றை ஊர்ச் சிறு தொழில்களுக்கு ஆய்வாளர்களை வைத்துத் தேடிக் கொடுத்தது. பொருளாதாரத் தோட்டக்கலை என்ற பெயரில் இது மற்ற ஊர்களுக்கும் பரவியது.

இத்தாலியின் எமிலியா ரொமாஞ்ஞா வட்டாரத்தில், பின்னலாடைக்குப் பேர்போன கார்ப்பி நகரில் 1980இல் சிதேர் என்ற ஜவுளித் தகவல் மையம் தொடங்கியது. நாலைந்து பேர் வேலை செய்யும் பட்டறைகளுக்கு அடுத்த பருவத்தின் போக்கு என்ன, வெளிநாட்டுச் சந்தை எப்படி இருக்கிறது, புதுத் தொழில்நுட்பம் எது என்ற தகவல்களைத் திரட்டிக் கொடுத்தது. இதைத் தனியாகச் செய்ய அந்தப் பட்டறை எதனாலும் முடிந்திருக்காது. இன்று பல நாடுகளிலும் இப்படிப்பட்ட சேவை மையம் ஏதோ ஒரு பெயரில் இருக்கிறது. அமெரிக்காவில் உற்பத்தி விரிவாக்க மையங்கள் ஐம்பது மாநிலங்களிலும் உண்டு. அங்கிருந்து வரும் பொறியாளர் உங்கள் பட்டறையில் நின்று பார்த்து, இந்த மெஷின் வேண்டாம், இடத்தை மாற்றி வைத்தாலே போதும் என்று சொல்லிவிட்டுப் போகலாம். அந்த ஒரு வாக்கியம் பல மானியங்களைவிட மதிப்பு வாய்ந்தது.

வவுச்சர் என்று ஒரு வகை உண்டு. பல்கலைக்கழகத்திலோ ஆய்வகத்திலோ சோதனை, வடிவமைப்பு போன்ற வேலையைச் செய்துகொள்ள ஒரு தொகைக்கான சீட்டு. நெதர்லாந்தில் 2004இல் 7,500 யூரோ மதிப்புள்ள நூறு வவுச்சர்களை அறிவித்தார்கள். விண்ணப்பங்கள் குவிந்ததால் குலுக்கல் போட்டார்கள். குலுக்கல் என்பதால் கிடைத்தவர், கிடைக்காதவர் இருவரையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. பத்தில் எட்டு வவுச்சர், இல்லாவிட்டால் நடந்தே இருக்காத வேலைக்குப் போயிருந்தது. நம் பட்டறைக்கு நீர் புகாமைச் சோதனை வேண்டும் என்றால், கேட்க வேண்டியது இதைத்தான். மெஷின் மானியம் அதற்கு அப்புறம்.

பண வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: திருப்பித் தர வேண்டாத மானியம், வட்டியில் ஒரு பங்கை அரசு ஏற்பது, கடனுக்கு உத்தரவாதம், வட்டியில்லாமல் ஆனால் திருப்பித் தர வேண்டிய தொகை, வரிச்சலுகை. கடைசிக்கு முந்தையதைக் கனடாவின் வட்டார அமைப்புகள் அதிகம் பயன்படுத்துகின்றன. மானியம் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பின்னால் தவணை வரும்போது விழிக்கக் கூடாது. "இது திருப்பித் தர வேண்டியதா?" என்று வாயைத் திறந்து கேளுங்கள்.

படி 4: எழுதும் முன் நேரில் போங்கள்

விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பிவிட்டுக் காத்திருப்பதைவிட, மூன்று பக்கத்துடன் நேரில் போவது நல்லது. ஒரு பக்கம் படி 1இன் கணக்கு, ஒரு பக்கம் அடுத்த அடி, ஒரு பக்கம் வாங்கத் தயாராக இருப்பவரின் கடிதம். அங்கே கேட்க வேண்டிய கேள்விகள் சில: இந்தத் திட்டம் எந்தத் துறைகளுக்கு உதவுவதில்லை? போன சுற்றில் எந்தக் காரணத்துக்காக அதிகம் நிராகரித்தீர்கள்? முடிவு வர உண்மையில் எத்தனை மாதம் ஆகிறது? பணம் முன்னால் வருமா, செலவு செய்த பிறகா? இதே செலவுக்கு வேறு உதவி வாங்கினால் கழிப்பீர்களா?

கடைசிக் கேள்வி முக்கியமானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சிறு உதவிகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட ஓர் உச்சவரம்பு இருக்கிறது. 2024 முதல் ஒரு நிறுவனத்துக்கு ஒரு நாட்டில் மூன்று ஆண்டுகளுக்கு 3 லட்சம் யூரோ, அதற்கு முன் 2 லட்சமாக இருந்தது. உங்கள் பெயரில் இன்னொரு கம்பெனியும் இருந்தால் இரண்டும் ஒன்றாகத்தான் எண்ணப்படலாம். சிறு, நடுத்தர நிறுவனமா இல்லையா என்று பார்க்கும்போதும் அப்படியே. அங்கே 250 பேருக்குக் கீழே என்பது ஒரு அளவுகோல், ஆனால் தொடர்புள்ள நிறுவனங்களின் ஆட்களும் அதில் சேரும்.

இடைத்தரகர்களைப் பற்றி ஒரு வார்த்தை. கிடைத்த தொகையில் இத்தனை சதவீதம் கமிஷன் என்று பேசும் ஆலோசகர், உங்களுக்குப் பொருந்தும் திட்டத்தை விட்டுவிட்டுத் தொகை பெரிதாக உள்ள திட்டத்தை நோக்கித்தான் தள்ளுவார். உதவிக்கு ஆள் வேண்டும் என்றால் எழுதும் வேலைக்குக் கூலி பேசிக் கொடுங்கள். பல ஊர்களில் வளர்ச்சி மையமே இலவசமாக விண்ணப்பத்தைச் சரிபார்த்துத் தருகிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

படி 5: பணம் எப்போது வரும் என்று மாதவாரியாகக் கணக்குப் போடுங்கள்

நல்ல திட்டங்கள் விழுவது பெரும்பாலும் இங்கேதான். 40 சதவீத மானியம் என்றதும் மீதி 60தானே என்று மனம் கணக்குப் போட்டுவிடும். அப்படி நடக்காது.

மெஷின் விலை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். அதை நிறுவ, ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்க, மாதிரிகள் செய்ய, முதல் சில மாதங்களின் மூலப்பொருள் வாங்க இன்னொரு 20. மொத்தம் 120. ஆனால் பல திட்டங்களில் மானியம் மெஷினுக்கு மட்டும்தான், அன்றாடச் செலவு அதில் சேராது. ஆக 100இல் 40. வங்கி 50 கடன் தருகிறது. உங்கள் கையிலிருந்து 30. இதுவரை சரி.

இப்போது தேதிகளைப் பாருங்கள். மானியம் நீங்கள் முழுப் பணத்தையும் கட்டி, மெஷின் ஓடி, அதிகாரி வந்து பார்த்து, பில்களைச் சரிபார்த்த பிறகு வருகிறது. ஒன்பது மாதம் என்று வைப்போம். அந்த ஒன்பது மாதமும் 40 பங்கை நீங்கள் எங்கிருந்தாவது புரட்ட வேண்டும். வருடம் 12 சதவீத வட்டியில் இடைக்காலக் கடன் வாங்கினால் வட்டி மட்டும் 3.6. ஆக மானியம் 40 இல்லை, 36.4தான். இதற்கிடையில் 15 பங்குக்கான ஒரு பில், அனுமதிக் கடிதத்துக்கு முந்தைய தேதியில் இருக்கிறது என்று கழித்துவிட்டால் 100 என்பது 85 ஆகிவிடும், மானியம் 34 ஆகிவிடும். வட்டியையும் கழித்தால் கையில் நிற்பது 30 சொச்சம்.

அதனால் கணக்கை இரண்டு தடவை போடுங்கள். முதல் கணக்கில் மானியம் நேரத்துக்கு வருகிறது. இரண்டாவதில் ஆறு மாதம் தாமதமாக, நாலில் ஒரு பங்கு குறைந்து வருகிறது. இரண்டாவது கணக்கிலும் சம்பளம் கொடுக்க முடிகிறதா? முடியவில்லை என்றால் திட்டத்தைச் சின்னதாக்குங்கள். மானியம் வராமலேயே போனால் என்ன ஆகும் என்றும் ஒரு வரி எழுதிப் பாருங்கள், மனசு தெளியும்.

இன்னொரு முடிச்சு: வங்கி மானிய அனுமதியைக் காட்டச் சொல்லும், வளர்ச்சி அமைப்பு வங்கிக் கடன் உறுதியைக் காட்டச் சொல்லும். இரண்டு பேரையும் ஒரே வாரத்தில் பார்த்து, "மற்றது கிடைத்தால் நாங்கள் தருவோம்" என்று நிபந்தனையோடு கடிதம் வாங்குவதுதான் வழி. வங்கிக்கு இது புதிது இல்லை, தயங்காமல் கேளுங்கள்.

படி 6: விண்ணப்பம், ஆனால் அதுவரை எதையும் வாங்காதீர்கள்

கொட்டேஷன் விலை இந்த மாதத்தோடு முடிகிறது என்று சப்ளையர் அவசரப்படுத்துவார். அட்வான்ஸ் கொடுத்துவிட்டு அப்புறம் விண்ணப்பித்தால் கதை முடிந்தது. ஐரோப்பிய விதிகளில் இது வெளிப்படையாகவே இருக்கிறது: வேலை தொடங்கும் முன் விண்ணப்பம் எழுத்தில் போயிருக்க வேண்டும். மற்ற நாடுகளிலும் இதே தர்க்கம்தான். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் எங்கள் உதவி இல்லாமலேயே செய்யத்தானே போகிறீர்கள் என்று கேட்பார்கள். ஆர்டர் படிவத்தில் கையெழுத்துப் போடுவதே தொடக்கமாக எண்ணப்படலாம். அனுமதிக்கு முன் எது செய்யலாம், எது கூடாது என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

உதவி இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள் என்ற கேள்வி எல்லா விண்ணப்பத்திலும் ஏதோ ஒரு உருவத்தில் வரும். "செய்யவே மாட்டோம்" என்பது நம்பும்படி இருக்காது, "எப்படியும் செய்வோம்" என்றால் உதவி தேவையில்லை. உண்மையான பதில் நடுவில் இருக்கும்: பழைய மெஷினில் சின்ன அளவில் தொடங்குவோம், இரண்டு வருடம் தாமதமாகும், எட்டுக்குப் பதில் இரண்டு பேரைத்தான் எடுப்போம். அதை அப்படியே எழுதுங்கள்.

வேலைவாய்ப்பு எண்ணிக்கையில் வாரி வழங்காதீர்கள். அது அலங்காரத்துக்கு எழுதும் எண் இல்லை, ஒப்பந்தத்தில் ஏறும் வாக்குறுதி. பத்து என்று எழுதிவிட்டு நாலு பேரை எடுத்தால், பணத்தில் ஒரு பங்கைத் திரும்பக் கேட்கும் உரிமை அவர்களுக்கு இருக்கலாம்.

பில்லில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் பதிவுச் சான்றிதழின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். ரொக்கமாக எதையும் கட்ட வேண்டாம். இவ்வளவு சின்ன விஷயமா என்று தோன்றும், ஆனால் தணிக்கையில் முதலில் சிக்குவது இதுதான்.

படி 7: புது வேலையைத் தனியாக ஓட விடுங்கள்

புது வேலைக்குத் தனி வங்கிக் கணக்கு, தனி லாப நட்டக் கணக்கு, பொறுப்புக்கு ஒரு ஆள். முதலாளியே இரண்டையும் பார்ப்பேன் என்றால், பழைய வாடிக்கையாளரின் டெலிவரி முதலில் தவறும். சாப்பாடு போடும் வேலை பழையது என்பதை முதல் இரண்டு வருடமும் மறக்கக்கூடாது.

நிறுத்தும் இடத்தையும் ஆரம்பத்திலேயே எழுதிவையுங்கள். "பதினெட்டு மாதத்தில் மூன்று வாடிக்கையாளர் இரண்டாவது தடவை வாங்கவில்லை என்றால் நிறுத்துகிறோம்" என்பது போல ஒரு வரி. முதல் ஆர்டர் ஆர்வத்தில் வரும், இரண்டாவது ஆர்டர்தான் தகவல்.

கூட்டாகப் போகலாமா?

தனியாக வாங்க முடியாத சோதனைக் கருவி, பூச்சுக் கூடம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு போன்றவற்றுக்குக் கூட்டு வசதி மையம் நல்ல வழி. பல நாடுகளில் இதற்கு உதவிப் பங்கும் தாராளமாக இருக்கிறது. ஜப்பானின் ஓயிட்டா மாகாணத்தில் ஓயாமா என்ற சிற்றூர் 1961இலேயே நெல்லை விட்டு பிளம், செஸ்ட்நட் என்று மாறியது. அந்த அனுபவத்தைப் பார்த்து ஆளுநர் மொரிஹிகோ ஹிராமட்சு 1979இல் ஒரு கிராமம் ஒரு பொருள் என்ற இயக்கத்தைத் தொடங்கினார். மாகாணம் உற்பத்தியாளருக்கு நேரடி மானியம் கொடுப்பதைத் தவிர்த்துத் தொழில்நுட்ப ஆலோசனை, ஆள் பயிற்சி, சந்தைப்படுத்தல் என்று துணை நின்றது. தாய்லாந்து 2001 முதல் இதைத் தன் பாணியில் எடுத்துக்கொண்டது.

கூட்டு மையத்தின் சிக்கல் கட்டடம் எழுந்த பிறகுதான் தொடங்கும். யார் முதலில் பயன்படுத்துவது, பழுதுக்கு யார் காசு, உறுப்பினர் விலகினால் என்ன? திறப்பு விழா வரை எல்லோரும் நண்பர்கள். மணிநேரக் கட்டணம், முன்பதிவு விதி, பராமரிப்பு நிதி ஆகிய மூன்றும் விண்ணப்பத்துக்கு முன்பே எழுதப்படவில்லை என்றால் சேராமல் இருப்பதே மேல்.

படி 8: பணம் வந்த பிறகு

மானியம் வாங்கிய மெஷினை உடனே விற்கவோ வேறு ஊருக்கு மாற்றவோ முடியாது. ஐரோப்பிய வட்டார உதவி விதிகளில் முதலீடு அந்தப் பகுதியிலேயே ஐந்து ஆண்டு இருக்க வேண்டும், சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு மூன்று. அதே விதிகளில் செலவின் 25 சதவீதமாவது அரசு உதவி கலக்காத பணமாக இருக்க வேண்டும் என்றும் உண்டு. உங்கள் நாட்டின் விதி எதுவாக இருந்தாலும் ஒப்பந்தத்தில் இந்த இரண்டு வரிகளைத் தேடிப் படித்துவிடுங்கள். பில்கள், பணம் கட்டிய ஆதாரம், ஆட்களின் சம்பளப் பதிவு, மெஷினின் வரிசை எண் தெரியும் படம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள்.

முதல் உதவி முடிந்ததும் அடுத்ததற்கு ஓடும் முன் ஒன்றைப் பாருங்கள். 2009இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் சிறு நிறுவனங்களுக்கு 4,000 பவுண்ட் வவுச்சர் கொடுத்து, சொந்தமாக 1,000 போடச் சொல்லி, வடிவமைப்பு, விளம்பரம் போன்ற படைப்புத்துறை நிறுவனங்களோடு இணைத்தார்கள். இதிலும் குலுக்கல்தான். ஆறு மாதத்தில் கிடைத்தவர்களிடம் புதுமையும் விற்பனையும் கூடியிருந்தன. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது கிடைக்காதவர்களோடு ஒப்பிட வித்தியாசம் மங்கிவிட்டது. உதவி ஒரு வேலையைச் செய்ய வைத்தது. அதை வழக்கமாக்கும் பொறுப்பு நிறுவனத்திடமே இருந்தது. வவுச்சர் முடிந்த அன்று அந்த வடிவமைப்பாளருக்கோ ஆய்வகத்துக்கோ உங்கள் சொந்தக் காசில் இரண்டாவது வேலை கொடுப்பீர்களா? கொடுப்பீர்கள் என்றால் அதை அடுத்த வருடச் செலவுத் திட்டத்தில் இப்போதே சேருங்கள். இல்லை என்றால் அடுத்த விண்ணப்பத்தை நிறுத்திவிட்டு, படி 1இன் தாளைப் புது எண்களோடு மறுபடி போடுங்கள். முதல் வாடிக்கையாளரின் சதவீதம் குறைந்திருக்கிறதா என்பதை அதிலேயே பார்த்துவிடலாம்.